அப்பாவுக்கு எந்த இடுப்பு மூட்டு? மூன்று விலைப்பட்டியலோடு கேட்டவருக்கு

கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி சுருக்கிவிடுகிறேன். கேட்டவர் கோவை கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவர். அப்பாவுக்கு 61 வயது. தாராபுரம் பக்கம் தோட்டம், கறவை மாடுகள். தொடைச்சந்தில் வலி என்று இரண்டு வருடம் எண்ணெய்க்கட்டு போட்டே ஓட்டியிருக்கிறார். கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்து, பந்து அமுங்கிவிட்டது தெரிந்திருக்கிறது. ஏ.வி.என். என்பார்கள். மூட்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மூன்று விலை கொடுத்திருக்கிறார்கள். இந்தியக் கம்பெனி, மெட்டல் பந்து, பந்து உட்காரும் கிண்ணத்துக்குச் சாதா பாலி (ஒரு வகை பிளாஸ்டிக்) என்றால் ஒன்றே முக்கால் லட்சம். வெளிநாட்டு மூட்டு, செராமிக் பந்து, கிராஸ்லிங்க் பாலி (கதிர்வீச்சில் இறுக்கிய பாலி) என்றால் இரண்டரை லட்சம். பந்தும் கிண்ணமும் இரண்டுமே செராமிக், "நாலாவது தலைமுறை, ஆயுசுக்கும் வரும்", ரோபோவும் சேர்த்து மூன்றே முக்கால். இவர் கேட்பது: "மூன்றுக்கும் ஐ.எஸ்.ஓ. இருக்கிறது. ஒன்றுக்கு ஐரோப்பாவின் சி.இ. முத்திரை, ஒன்றுக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி. மெட்டீரியல் டெஸ்ட் சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்து முடிவு செய்தால் போதாதா?"

போதாதுங்க. ஏன் என்று சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆர்த்தோ தியேட்டரிலும், அப்புறம் இம்ப்ளான்ட் ஸ்டோரிலும் வேலை பார்த்தவன். மூட்டுகள் உள்ளே போவதையும் பார்த்திருக்கிறேன், கெட்டுப்போய் வெளியே வருவதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதற்குள் நான் போகவில்லை. அது டாக்டர் பார்க்க வேண்டியது.

முதலில் உங்கள் தொழிலிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஓட்டினால் ஹெட், டிஸ்சார்ஜ், ஆம்பியர் எல்லாம் சரியாக வரும். அதே பம்ப் மணல் வருகிற போர்வெல்லில், வோல்டேஜ் ஏறி இறங்குகிற லைனில் ஐந்து வருடம் ஓடினால் புஷ் என்ன ஆகும் என்று பெஞ்ச் சொல்லாது. சர்வீஸ் ரிஜிஸ்டர்தான் சொல்லும். இடுப்பு மூட்டிலும் அப்படித்தான்.

மூட்டுக்கு என்ன பெஞ்ச் டெஸ்ட் என்று கேட்பீர்கள். தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, அதாவது ஸ்டெம், திரும்பத் திரும்பச் சுமை ஏற்றினால் முறிகிறதா என்று பார்க்க ஐ.எஸ்.ஓ. 7206. பந்தும் கிண்ணமும் எவ்வளவு தேய்கின்றன என்று பார்க்க ஐ.எஸ்.ஓ. 14242. இந்த இரண்டாவதில், மாட்டு சீரம் கலந்த திரவத்தில் மூட்டை மூழ்க வைத்து, நடக்கிற மாதிரியே இயந்திரத்தில் 50 லட்சம் சுற்று ஓட்டுவார்கள். சாதாரணமாக நடமாடும் ஒருவருடைய ஒவ்வொரு காலும் வருடத்துக்குச் சுமார் 10 லட்சம் அடி வைக்கும் என்பது கணக்கு. ஆக, இந்தச் சோதனை ஐந்து வருட நடை. அதுவும் கிண்ணம் சொன்ன கோணத்தில் கச்சிதமாக நிற்கும்போது, சமதரையில் ஒரே சீராக நடக்கிற நடை. வரப்பேறி இறங்குவது, குத்துக்கால் வைத்துப் பால் கறப்பது, கிண்ணம் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துவிடுவது எல்லாம் அதில் வராது. இந்தச் சோதனையில் தோற்ற மூட்டை வாங்கவே கூடாது, அது சரி. ஜெயித்ததற்காக வாங்கிவிடவும் முடியாது.

இது ஊகம் இல்லை, நடந்த கதைகள் இருக்கின்றன. இன்றைய இடுப்பு மூட்டுக்கு அடித்தளம் போட்டவர் இங்கிலாந்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் இருந்த ஜான் சார்ன்லி. 1950களின் கடைசியில் அவர் கிண்ணத்துக்கு டெஃப்ளான் போட்டார். வழுக்கலுக்கு அதை விட நல்ல பொருள் கிடையாது. ஆனால் சில வருடங்களில் தேய்ந்து, அந்தத் தூளைச் சுற்றி உடம்பு கட்டி கட்டியாக எதிர்வினை காட்டியது. வைத்த மூட்டுகளைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு டெஃப்ளானையும் பாலித்தீனையும் தன் சொந்தத் தொடைக்குள்ளேயே வைத்துப் பார்த்தாராம் மனுசன்! 1962 நவம்பரில் பாலித்தீன் கிண்ணத்துக்கு மாறினார். இன்றைக்கும் "பாலி" என்று நாம் சொல்வது அந்த வம்சம்தான்.

அடுத்தது, உங்களைப் போன்ற மெஷின் ஷாப் ஆட்களுக்குப் பிடிக்கும் கதை. எக்ஸிட்டர் ஸ்டெம் என்று ஒன்று. ராபின் லிங் என்ற சர்ஜனும் கிளைவ் லீ என்ற இன்ஜினியரும் சேர்ந்து செய்தது, 1970இலிருந்து வைக்கிறார்கள். ஆரம்பத்தில் கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்த ஸ்டெம். 1976இல் மேற்பரப்பை மட்டும் சொரசொரப்பான மேட் ஃபினிஷுக்கு மாற்றினார்கள். சொரசொரப்பாக இருந்தால், ஸ்டெம்மை எலும்புக்குள் நிறுத்தப் போடும் சிமென்ட் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? நடந்தது தலைகீழ். பாலிஷ் ஸ்டெம் சிமென்டுக்குள் இம்மி இம்மியாக இறங்கி, ஆப்பு மாதிரி இறுகி நின்றிருக்கிறது. மேட் ஸ்டெம் இறங்க முடியாமல் சிமென்டை உரசி உரசித் தூளாக்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தது. 1986இல் திரும்பவும் பாலிஷுக்கே வந்தார்கள். அந்தப் பாலிஷ் ஸ்டெம் இன்றைக்கும் உலகத்தில் நல்ல பெயர் எடுத்த மூட்டுகளில் ஒன்று. ஒரு சர்ஃபேஸ் ஃபினிஷ் மாற்றம், அது தப்பு என்று புரிந்து சரிசெய்யப் பத்து வருடம். மெட்டீரியல் சர்டிபிகேட்டில் இது எந்தக் கட்டத்தில் வந்திருக்கும், சொல்லுங்கள்?

"வெளிநாட்டு மூட்டின் அதே டிசைன், பாதி விலை" என்று ரெப், அதாவது கம்பெனியின் விற்பனை ஆள், சொன்னால் நான் காது கொடுத்துக் கேட்பேன், உடனே தலையாட்ட மாட்டேன். இங்கிலாந்தில் 1991இல் 3எம் கேபிடல் ஹிப் என்று ஒன்று வந்தது. சார்ன்லி மூட்டின் சாயலில், மலிவாக. எதிர்பார்த்ததை விட வேகமாக ஆட்டம் காண ஆரம்பித்து, 1998இல் அரசே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. அந்த அனுபவத்தால் எழுந்த சத்தம்தான் 2003இல் அங்கே தேசிய மூட்டுப் பதிவேடு வந்ததற்கு ஒரு காரணம். இந்தியக் கம்பெனி என்பதால் மட்டம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் பட்டறையில் எந்தத் துல்லியத்துக்கும் கடைய முடியும் என்பது உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். பத்து வருடக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், காட்டினால் தாராளமாக வாங்கலாம்.

இனி பெரிய கதை. ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டு. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிபியூ கம்பெனி 2003இல் கொண்டுவந்தது. பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம், இரண்டும் கோபால்ட்-குரோமியம். பாலி கிடையாது என்பதால் பாலித் தூளும் கிடையாது, வேலை செய்கிற வயதுக்காரர்களுக்கு ஏற்றது என்று பேச்சு. ஐரோப்பாவில் சி.இ. முத்திரை இருந்தது. அதன் முழு மூட்டு வடிவத்துக்கு 2005இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதியும் கிடைத்தது. எப்படி என்றால், "ஏற்கெனவே சந்தையில் இருப்பது போன்றதுதான் இதுவும்" என்று காட்டினால் கிடைக்கும் 510(கே) என்ற வழியில். நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்த ஆய்வு அதற்குக் கட்டாயமில்லை. உங்கள் மூன்று விலையில் ஒன்றுக்கு எஃப்.டி.ஏ. இருக்கிறது என்றீர்களே, எந்த வழியில் வாங்கியது என்று பார்த்தீர்களா?

அந்தக் கிண்ணத்தின் ஆழம் குறைவு. கொஞ்சம் சாய்வாக உட்கார்ந்தாலும் பந்து கிண்ணத்தின் விளிம்பில் ஏறி உரசும். உரசினால் கண்ணுக்குத் தெரியாத உலோகத் தூள். ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் ஏறும், மூட்டைச் சுற்றியுள்ள தசை அழுகும், எலும்பு கரையும். இந்த மாதிரி ஒரு உலோக மூட்டைத் திரும்ப எடுக்கும்போது நான் தியேட்டரில் இருந்திருக்கிறேன். கீறியதும் கலங்கலான சாம்பல் நீர் வந்தது. தசை சிவப்பாக இல்லை, கருத்துக் கறைபட்டுக் கிடந்தது. சர்ஜன் அதைச் சுரண்டி எடுக்கவே ரொம்ப நேரமானது. எடுத்த பந்தைக் கழுவித் தட்டில் வைத்தபோது வெறும் கண்ணுக்கு அது புத்தம் புதுசாக, பளபளவென்று இருந்தது.

இதைக் கண்டுபிடித்தது எந்த லேபும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1999இலிருந்து மூட்டுப் பதிவேடு உண்டு. யாருக்கு, எந்த மாடல், எப்போது வைத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று எழுதி வைப்பது. இந்த மாடல் மட்டும் மற்றவற்றை விட அதிகமாகத் திரும்ப வருகிறது என்று அந்தக் கணக்குதான் காட்டிக்கொடுத்தது. 2009இல் அங்கே விற்பனையை நிறுத்தினார்கள். 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அப்போது பிரிட்டிஷ் பதிவேட்டின் கணக்குப்படி, வைத்த ஐந்தே வருடத்தில் 100 பேரில் 12, 13 பேருக்கு மறு ஆபரேஷன். அதற்குள் உலகம் முழுக்கச் சுமார் 93,000 பேருக்கு வைத்தாகிவிட்டது. இந்தியாவில் சுமார் 4,700 பேர். மத்திய அரசு அமைத்த அருண் குமார் அகர்வால் குழு 2018இல் அறிக்கை கொடுத்தபோது, குறைந்தது 20 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆனால் அந்த 4,700 பேரில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. எந்த மூட்டு தனக்குள் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், ஸ்டிக்கர் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அதே காலத்தில், அதே கோபால்ட்-குரோமியத்தில் பர்மிங்காம் என்ற மூட்டும் வந்தது. பெரிய பந்து வைத்த ஆண்களுக்கு அது நன்றாகவே ஓடியது. சிறிய அளவுகளிலும் பெண்களுக்கும் சரிவரவில்லை என்று 2015இல் அந்த அளவுகளை மட்டும் நிறுத்தினார்கள். ஒரே உலோகம், ஒரே வகை. டிசைனும் அளவும் மாறினால் விதி மாறுகிறது. அதனால் "செராமிக் நல்லதா, மெட்டல் நல்லதா, டைட்டானியமா" என்று கேட்பதை விட, "எந்த மாடல்?" என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

சரி, மாடலின் சரித்திரத்தை எங்கே பார்ப்பது? இங்கிலாந்தில் ஓடெப் என்று ஒரு குழு மாடல் வாரியாக மதிப்பெண் போடுகிறது. 3ஏ, 5ஏ, 7ஏ, 10ஏ, 13ஏ, 15ஏ என்று இருக்கும். எண் என்பது எத்தனை வருடக் கணக்கு கையில் இருக்கிறது என்பது. எழுத்து, அந்தக் கணக்கு எவ்வளவு கெட்டியானது என்பது. பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் இன்னும் நல்லது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த நாட்டு அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2014இல் போட்ட அளவுகோல்: 10 வருடத்தில் மறு ஆபரேஷன் 100க்கு 5 அல்லது அதற்குக் கீழே. அதற்கு முன்னால் 10 என்று இருந்ததை 5 ஆக்கினார்கள். பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கிண்ணத்துக்குத் தனி மதிப்பெண், ஸ்டெம்முக்குத் தனி. கம்பெனி பெயரைப் பார்த்து நிற்கக் கூடாது. ஒரே கம்பெனியில் 15ஏ மாடலும் இருக்கும், நேற்று வந்ததும் இருக்கும். ரெப் இரண்டுக்கும் அதே பையைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்.

ஆஸ்திரேலியப் பதிவேட்டின் ஆண்டறிக்கையும் இலவசம்தான். அதில் மாடல் பெயர், எத்தனை பேருக்கு வைத்தார்கள், 1, 5, 10 வருடத்தில் எத்தனை சதவீதம் திரும்ப எடுத்தார்கள் என்று அட்டவணையாக இருக்கும். உங்களைப் போல ரிஜெக்ஷன் ரிப்போர்ட் பார்த்துப் பழகியவருக்கு அரை மணி நேர வேலை. நம் நாட்டில் இடுப்பு, முழங்கால் சர்ஜன்கள் சங்கம் ஒரு பதிவேடு நடத்துகிறது, ஆனால் அதில் எழுதுவது டாக்டர்களின் விருப்பம். அதனால் இந்த மாடல் இங்கே எப்படி ஓடுகிறது என்று அதை வைத்து முடிவாகச் சொல்ல முடியாது.

"எங்கள் ஆஸ்பத்திரியில் 50 பேருக்கு வைத்தோம், ஒன்று கூடக் கெடவில்லை" என்று யாராவது சொன்னால் ஒரு எளிய கணக்கு உண்டு. கெட்டது சைபர் என்றால், 3ஐ மொத்தத்தால் வகுங்கள். 3/50, அதாவது 6 சதவீதம். உண்மையான பழுது விகிதம் 6 சதவீதம் வரை இருந்தாலும் 50 பேரில் ஒன்று கூடக் கண்ணில் படாமல் போகலாம் என்று அர்த்தம். சாம்ப்ளிங் பிளான் போடுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதோடு, திரும்பி வராதவர் எல்லாம் நன்றாக இருக்கிறார் என்று கணக்கு எழுதுவதும் உண்டு. ஈரோட்டில் வைத்துக்கொண்டவர் வலித்தால் கோவைக்குப் போவார், கோவையில் வைத்துக்கொண்டவர் சென்னைக்குப் போவார். முதலில் வைத்த ஆஸ்பத்திரியின் ஏட்டில் அவர் என்றென்றைக்கும் சுகமாக இருப்பார்!

"ஆயுசுக்கும் வரும்" என்ற பேச்சுக்கு வருவோம். 2019இல் லான்செட் இதழில் பல நாட்டுக் கணக்கைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. 25 வருடம் தாண்டி நிற்பது 100 மூட்டில் சுமார் 58. 25 வருடத்துக்கு முன்னால் வைத்த பழைய மூட்டுகளின் கணக்கு அது என்பதால், இன்றைக்கு வைப்பவை இன்னும் நன்றாக ஓடலாம் என்று நம்ப இடமிருக்கிறது. உறுதி சொல்ல ஒருவராலும் முடியாது. புதிய மாடலுக்கு யாராவது "30 வருடம்" என்றால், அது இயந்திரம் ஓட்டிக் கணித்தது. அந்த மாடலோடு 30 வருடம் நடந்த மனிதர் இன்னும் பிறக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவற்றைச் சீக்கிரமாக எடைபோட ஒரே ஒரு நல்ல வழி தெரியும். ஆர்.எஸ்.ஏ. என்பார்கள். எலும்புக்குள் பொடிப் பொடி டான்டலம் மணிகளை வைத்து, இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து, மூட்டு எவ்வளவு நகர்கிறது என்று மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளப்பது. முதல் இரண்டு வருடத்தில் கிண்ணம் 1 மில்லிமீட்டருக்கு மேல் நகர்கிற மாடல் பின்னால் ஆடிவிடும் என்று நம்பலாம்; 0.2க்குள் என்றால் நிம்மதி. புது மாடல் என்றால் "ஆர்.எஸ்.ஏ. செய்திருக்கிறார்களா?" என்று டாக்டரைக் கேட்டுப் பாருங்கள். கேட்டதும் அவர் முகம் மலர்ந்தால் நல்ல டாக்டர்.

இதெல்லாம் மூட்டு நிற்கிறதா என்ற கணக்கு. மூட்டு நின்றால் மட்டும் போதுமா, அப்பா நடக்க வேண்டாமா? அந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பதிவேட்டில் "திரும்ப எடுத்தார்களா" என்பது மட்டும்தான் பெரிய எழுத்தில் இருக்கும். வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னொரு ஆபரேஷனுக்குப் பயந்து உட்கார்ந்திருப்பவரும் அதில் வெற்றிதான். அதற்காகத்தான் நோயாளியிடமே கேட்டு மதிப்பெண் போடும் முறைகள் வந்தன. அதில் பெயர் பெற்றது ஆக்ஸ்ஃபோர்டு ஹிப் ஸ்கோர். 12 கேள்விகள். சாக்ஸ் மாட்ட முடிகிறதா, காரில் ஏறி இறங்க முடிகிறதா, கடைக்குப் போய்வர முடிகிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா. தாராபுரத்துத் தோட்டக்காரருக்குச் சாக்ஸ் எதற்கு? பந்தியில் சம்மணம் போட்டு உட்கார முடியுமா, மாட்டுக்குப் பக்கத்தில் குத்த வைக்க முடியுமா, இந்திய முறைக் கழிப்பறையில் உட்கார முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. அது அந்தப் பன்னிரண்டில் இல்லை. இங்கிலாந்தில் மூட்டு மாற்றிக்கொள்பவர்களின் சராசரி வயது எழுபதை ஒட்டி, காரணம் பெரும்பாலும் வயதான மூட்டின் தேய்மானம். நம்மூரில் ஏ.வி.என். நிறைய, வயதும் குறைவு. வெளிநாட்டுக் கணக்கைப் படிக்கும்போது இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். 10 வருடத்தில் 100க்கு 5 என்று அங்கே இருந்தால், குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிற நம் ஆளுக்கு அது கொஞ்சம் கூடலாம்.

குத்த வைப்பதில் ஆபத்து, பந்து கிண்ணத்தை விட்டு நழுவுவது. பந்து பெரிதானால் நழுவல் குறையும். 28 மில்லிமீட்டரை விட 32, 36 மேல். அதற்கும் மேலே போனால் பாலி மெலிந்துவிடும், அது இன்னொரு வம்பு. பந்துக்குள் பந்து என்று இரட்டை அசைவுக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. 1970களில் பிரான்ஸில் பூஸ்கே என்ற சர்ஜன் கொண்டுவந்தது. நழுவும் பயம் அதிகம் உள்ளவர்களுக்கு வைப்பார்கள். எப்படி இருந்தாலும் மேற்கத்திய டாய்லெட்டும், உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து கறப்பதும்தான் நல்லது. அப்பா கேட்பாரா என்பது உங்கள் வீட்டுப் பாடு.

இனி உங்கள் மூன்று விலை. சாதா பாலியை இந்த வயதுக்கு நான் ஒதுக்கிவிடுவேன். கதிர்வீச்சில் இறுக்கிய கிராஸ்லிங்க் பாலி 1990களின் கடைசியில் வந்தது, இருபது வருடத்துக்கு மேல் கணக்கு இருக்கிறது. தேய்மானம் வெகுவாகக் குறைந்தது, மறு ஆபரேஷனும் குறைந்தது. புதுசு என்றாலே மோசம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் புதுசாக இருந்ததால் அது ஜெயிக்கவில்லை, இருபது வருடம் நின்று காட்டியதால் ஜெயித்தது. இந்தியக் கம்பெனியிலேயே கிராஸ்லிங்க் பாலி இருக்கிறதா, அந்த மாடலுக்குக் கணக்கு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பந்தும் கிண்ணமும் செராமிக் என்பது கெட்டதில்லை, தேய்மானம் மிகக் குறைவு. சிலருக்கு நடக்கும்போது கதவுக் கீல் போலக் கிறீச்சென்று சத்தம் வரும். உடைவது இப்போதைய செராமிக்கில் அபூர்வம். ஆனால் உடைந்தால் சில்லுகளை முழுதாகப் பொறுக்கி எடுக்க முடியாது; அடுத்து உலோகப் பந்து வைத்தால் மிச்சம் கிடக்கும் சில்லு அதை அரைத்துத் தின்றுவிடும். நாற்பது வயதுக்காரர் என்றால் யோசிக்கலாம். 61 வயதுக்குக் கூடுதலாக ஒன்றேகால் லட்சம் கொடுக்கிற அளவுக்கு அதில் லாபம் எனக்குத் தெரியவில்லை. ரோபோவோ மூட்டு இல்லை, வைக்கிற கருவி. கிண்ணம் சரியான கோணத்தில் உட்கார உதவும்; பத்து வருடம் கழித்து அதனால் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அவினாசி ரோடு ஹோர்டிங்கில் ரோபோ படம் பெரிதாக இருக்கும், மாடல் பெயர் இருக்காது.

நடுவில் இருக்கும் இரண்டரை லட்சத்தைத்தான் நான் எடுப்பேன். அதுவும் கிண்ணம், ஸ்டெம் இரண்டுக்கும் 10ஏ அல்லது அதற்கு மேல் இருந்தால். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போனாலும் இதே கேள்விகள்தான்: என்ன மாடல், என்ன பாலி. திட்டத்து மூட்டு என்பதற்காக வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. விலையைப் பொறுத்தவரை, 2017இல் அரசு முழங்கால் மூட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. அந்த உத்தரவில் இடுப்பு மூட்டு இல்லை. அதனால் பில்லில் இம்ப்ளான்ட் விலை தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மாடலுக்கு இணையாக, ஏன் அதற்கும் மேலாக, கை முக்கியம். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துக் கணக்கில், வருடத்துக்கு 35க்குக் குறைவாக இடுப்பு மூட்டு வைக்கிற சர்ஜன்களிடம் நழுவலும் சீக்கிர மறு ஆபரேஷனும் அதிகமாக இருந்தது. "டாக்டர், வருடத்துக்கு எத்தனை இடுப்பு செய்கிறீங்க? இந்த மாடலை எத்தனை வருடமாக வைக்கிறீங்க?" என்று மரியாதையாகவே கேட்கலாம். முழங்கால் ஆயிரம் செய்தவர் இடுப்பு பத்துதான் செய்திருப்பார், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பழகிய கையில் 10ஏ மூட்டு, பழகாத கையில் 15ஏ மூட்டை விட நல்லது.

இப்போது ஸ்டிக்கர். ஒவ்வொரு உருப்படியும், அதாவது கிண்ணம், அதற்குள் பொருந்தும் லைனர், பந்து, ஸ்டெம், தனித்தனி ஸ்டெரைல் பெட்டியில் வரும். பெட்டிக்குள் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் பல பிரதிகளாக இருக்கும். கம்பெனி பெயர், மாடல், ரெஃப் நம்பர், லாட் நம்பர், அளவு, காலாவதித் தேதி எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். தியேட்டரில் பெட்டியைப் பிரித்ததும் நர்ஸ் ஒரு பிரதியை கேஸ் ஷீட்டில் ஒட்டுவார், ஒன்று பில்லிங்குக்குப் போகும். மிச்சம் பெரும்பாலும் பெட்டியோடு குப்பைக்குத்தான். அதில் ஒரு செட் உங்களுக்கு வேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன்பே சொல்லி வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "டோட்டல் ஹிப் டன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பது போதாது, மாடலும் லாட்டும் அதில் இருக்க வேண்டும். ஏ.எஸ்.ஆர். வைத்தவர்களைத் தேடித் தேடிக் கிடைக்காமல் போனதற்கு இந்தச் சின்னத் துண்டுச் சீட்டு இல்லாததும் ஒரு காரணம். போட்டோ எடுத்து அப்பா போனிலும், உங்கள் போனிலும், தங்கச்சி போனிலும் வைத்துவிடுங்கள். கரையான் அரித்த பைலில் மட்டும் வைத்தால் பத்து வருடத்தில் மை போய்விடும்.

படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வீட்டில் யாருக்காவது 2010க்கு முன் இடுப்பு மூட்டு வைத்திருந்தால் பழைய பைலை எடுத்துப் பாருங்கள். மெட்டல்-ஆன்-மெட்டல் என்று இருந்தால் வலி இல்லாவிட்டாலும் டாக்டரைப் பாருங்கள். ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவு பார்ப்பார்கள். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எல்லை வைத்தது. பாலி மூட்டுக்காரர்களும் சில வருடத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். பாலித் தூளால் எலும்பு கரைவது வெகுகாலம் வலிக்காது. உட்கார்ந்து எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது தொடைச்சந்திலோ தொடையிலோ வலி புதிதாக வந்தால் தள்ளிப்போடாதீர்கள். மூட்டில் கோளாறு என்று சந்தேகம் வந்தால் புகார் கொடுக்கவும் இடமிருக்கிறது. 2015இலிருந்து, மருத்துவக் கருவிகளின் கோளாறுகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறது. டாக்டர்தான் எழுத வேண்டும் என்றில்லை, நோயாளியே எழுதலாம்.

கடைசியாக, ஆடி முடியட்டும் என்று அப்பா சொல்கிறார், தள்ளிப்போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். எலும்பு முறிவு என்றால் ஒரு நாள் கூடத் தள்ளக் கூடாது. இது ஏ.வி.என்., ஏற்கெனவே அமுங்கிய பந்து. டாக்டர் அவசரம் என்று தனியாகச் சொல்லாவிட்டால் ஒரு மாதம் பொறுக்கலாம். அந்த மாதத்தில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. மூன்று விலைக்கும் மாடல் பெயரை எழுத்தில் வாங்குங்கள். மூட்டு கெட்டுப்போக முக்கியக் காரணங்களில் ஒன்று சீழ் பிடிப்பது, அது எந்த மாடலிலும் பிடிக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரி பார்த்துக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சொத்தைப் பல் இருந்தால் முன்பே பிடுங்கிவிடுங்கள். செருப்பில்லாமல் சேற்றில் நிற்கிற கால், பித்தவெடிப்பு ஆழமாக இருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டி ஆற்றிவிடுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். குடிப்பழக்கமோ, எதற்காவது ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் சாப்பிட்டதோ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஏ.வி.என். வருவதற்கு அவை முக்கியக் காரணங்கள், மற்ற பக்கத்து இடுப்பையும் ஒரு எம்.ஆர்.ஐ.யில் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.